கடல் வற்றும் நேரமும் பால்வாடி திறக்கும் நேரமும்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்துக் கிடக்கும் ஒரு மீனவக் குடியிருப்பில் அரசின் குழந்தைகள் மையம் பல ஆண்டுகளாக ஒழுங்காகவே நடந்து வருகிறது. பணியாளர் வருகிறார், உலை வைக்கப்படுகிறது, முட்டை நாட்களில் முட்டை வெந்துவிடுகிறது, மாதம் தவறாமல் எடை போடப்படுகிறது. இத்தனையும் இருந்தும், மாதத்தில் ஏறக்குறைய பாதி நாள், விடியற்காலை தொடங்கிப் பிற்பகல் வரை, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அந்த ஊரில் விடை இல்லாமல்தான் இருந்தது. ஊரும் ஊராட்சியும் மகளிர் குழுக்களும் அங்கன்வாடியும் சேர்ந்து அந்த விடையைத் தேடியதை, முதல் முறை தோற்றதையும் விடாமல், இங்கே பதிவு செய்கிறேன். கணக்கு வழக்கும் மனத்தாங்கலும் இதில் பேசப்படுவதால் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஊரின் கடிகாரம்

இந்தக் கரையில் பெண்களின் வேலைநேரத்தை நிலாதான் தீர்மானிக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்களில்தான் பாசி எடுக்க முடியும். மரிக்கொழுந்து என்றும் கட்டக்கோரை என்றும் இவர்கள் அழைக்கும் பாசிகள் ஆழமில்லாத பாறைப் பகுதிகளில் வளர்கின்றன. உணவையும் பிற பொருட்களையும் கெட்டியாக்கப் பயன்படும் அகரை முன்னதிலிருந்தும் ஆல்ஜினேட்டைப் பின்னதிலிருந்தும் எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய பையில் போடுவது இவர்களின் தொழில். விடிவதற்கு முன்பே வத்தை என்னும் சிறு படகில் ஏறினால், பாசியோடு கரை திரும்பிக் காயப்போட்டுவிட்டு வீடு வந்து சேரப் பிற்பகலாகிவிடும்.

இந்தக் கரையை ஒட்டிய 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து பாசிக்குப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே இழுபறி இருந்து வந்திருக்கிறது. அதன் ஊடே பெண்கள் தாங்களே கூடிப் பேசிப் பாசி எடுக்கும் நாட்களை மாதத்துக்கு 12 என்று சுருக்கிக்கொண்டார்கள். இவர்களின் தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு 2015இல் கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். கடலைக் காக்கிற இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பிள்ளை வளர்ப்பிலும் ஒரு விளைவு உண்டு. வேலைநாள் பன்னிரண்டே என்றான பிறகு, பிள்ளைக்குச் சளி என்று ஒரு நாள் வீட்டில் இருந்தால் மாத வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே யாரும் வீட்டில் இருப்பதில்லை.

பாசிக்குப் போகாத பெண்கள் மீன் விற்கப் போகிறார்கள். ஏலம் விடியுமுன்பே முடிந்துவிடும். கூடையில் ஐஸ் போட்டு முதல் பேருந்தைப் பிடித்தால்தான் இராமநாதபுரம் சந்தையில் இடம் கிடைக்கும். ஆண்களில் பலர் மண்டபம், இராமேசுவரம் விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள்; அவர்கள் கரையில் இருக்கும் நாளும் தூங்கும் நாளே. ‘வீட்டில் பாட்டி இருப்பாளே’ என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஊரில் பாட்டியாகிறவளுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவளும் வத்தையில்தான் இருக்கிறாள்.

அப்படியானால் கைக்குழந்தை யாரிடம் இருந்தது? இதற்கான விடையை முதலில் எனக்குக் காட்டியவர் ஊர்த் தொடக்கப்பள்ளியின் ஆசிரியை. வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் சில பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே விரலை ஓட்டினார். வராத நாட்கள் சிதறிக் கிடக்கவில்லை. நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் ஒரு கொத்து, பிறகு பத்து நாள் தவறாத வருகை, மறுபடியும் ஒரு கொத்து. சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் காட்டி, “இதப் பாத்தே நான் லீவு சொல்லிருவேன் சார், அமாவாசைக்கு மொதநாள் இவ வரமாட்டா, தம்பியத் தூக்கிட்டுத் திரிவா” என்றார். ஒன்பது வயதுப் பெண்ணின் இடுப்பில் ஒரு வயதுத் தம்பி என்பதுதான் அந்த ஊரின் குழந்தைக் காப்பகமாக இருந்தது.

திட்டங்களுக்கு இடையே விட்டுப்போன வயது

குழந்தைப் பராமரிப்பில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அல்ல. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் பள்ளி முன்பருவக் குழந்தைகளின் நிலை பற்றி அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் வந்தது. 1980இல் உலக வங்கி உதவியோடு இங்கே தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைத் தேடிப்பிடித்து உணவு கொடுப்பது என்ற முறையைக் கிராமங்களில் பழக்கியது. 1982 ஜூலையில் தொடங்கிய எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலே குழந்தைகளை மையத்துக்குக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் மூன்று வயதில் தொடங்குவது இங்கே இரண்டு வயதில் தொடங்குவதற்கு இந்த வரலாறே காரணம்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வழங்கப்படுவது இணை உணவான சத்துமாவு. பொட்டலமாகத் தாயிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு கலோரியும் இவ்வளவு புரதமும் துணை உணவாகக் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பொட்டலத்தில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தாய் கடலில் இருக்கும்போது அதைக் கரைத்துக் காய்ச்சி ஊட்டுவது யார்? ஒன்பது வயது அக்காவால் அடுப்பு மூட்ட முடியாது, மூட்டவும் கூடாது. அவள் கொடுப்பது பிஸ்கட்டும் ஆறிய தேநீரும்தான். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று நான்கு முறை திட உணவு சாப்பிட வேண்டும். தாய் எட்டு மணி நேரம் வெளியே இருந்தால் அதில் இரண்டு வேளை தவறிவிடுகிறது. பொட்டலமோ வீட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் நேரத்து உருண்டையாகிறது, சில வீடுகளில் ஆட்டுக்குட்டிக்கும் போகிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவிலான 35.5 விழுக்காட்டோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்ளலாம் என்றாலும், நான்கில் ஒரு குழந்தை என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. இந்த உயரக்குறைவு பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்கும் இரண்டாவது பிறந்தநாளுக்கும் இடையில் விழுகிறது. பிறகு எவ்வளவு முட்டை கொடுத்தாலும் அது முழுமையாக மீள்வதில்லை. அதாவது மையத்தின் கதவு குழந்தைக்குத் திறக்கும்போது சேதத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது.

சட்டங்களும் இந்தத் தாய்மார்களை எட்டவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது பழைய தொழிற்சாலைச் சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு அதையே விதித்தது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம். கடலுக்கு முதலாளி இல்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலைத்தளத்துக்கு ஐந்து குழந்தைகள் வந்துவிட்டால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று நல்லதொரு விதி எழுதப்பட்டது. நிழலில்லாத கண்மாய்க் கரைக்குக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதைவிட வீட்டில் விட்டு வருவதே மேல் என்று தாய்மார்கள் நினைத்ததால் அந்த விதிக்கு இந்தப் பக்கம் வேலை வந்ததே இல்லை. 2022 முதல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. அந்த ஊருக்கு அது வரும்வரை காத்திருப்பதா என்பதே பேச்சின் தொடக்கமாக இருந்தது.

கடற்கரையில் இன்னொரு அச்சமும் உண்டு. தண்ணீரில் மூழ்கி இறக்கும் அபாயம் ஒன்று முதல் நான்கு வயதுக்குள் மிக அதிகம் என்பதால், சிறு குழந்தைகளுக்குத் தண்ணீரிலிருந்து விலகிய, ஆள் பார்வையுள்ள இடங்களை அமைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வங்கதேசத்துக் கிராமங்களில் ‘ஆஞ்சல்’ எனப்படும் காப்பிடங்கள் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மட்டுமே திறந்திருந்து இந்தச் சாவுகளைப் பெருமளவு குறைத்தன. தாய்க்குக் கை ஓயாத நேரம் எதுவோ அந்த நேரத்தில் மட்டும் திறந்ததே அவற்றின் பலம். அங்கே குளம், இங்கே கடலும், வாசலில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியும்.

வண்ணம் பூசிய அறையும், முறை வைத்துப் பார்த்ததும்

முதலில் ஒரு பழைய கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு அந்த ஊரில் ஓர் அறையை எடுத்து, சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்து, பிளாஸ்டிக் சறுக்குமரம் வைத்து, காப்பகம் என்று திறந்தது. நிதி வந்த காலம் வரை நடந்தது. நிதி நின்ற மாதமே பூட்டிவிட்டார்கள். ஒருவரும் வந்து காரணம் சொல்லவில்லை. கச்சான் காற்றில் சறுக்குமரம் வெளுத்துப்போய்க் கிடந்ததை நானும் பார்த்தேன். பின்னர் எவர் வந்து காப்பகம் என்ற சொல்லை எடுத்தாலும், “ஒட்டகம் வரையத்தான வந்தீக?” என்று கேட்டுச் சிரிக்கும் அளவுக்கு அந்த அறை ஊருக்குப் பாடமாகியிருந்தது.

அதனால் இரண்டாவது பேச்சு வெளிப்பணமே வேண்டாம் என்ற இடத்திலிருந்து தொடங்கியது. மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில், பாசிக்குப் போகும் தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு இருவர் கடலுக்குப் போகாமல் எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. கேட்பதற்கு அழகான ஏற்பாடு. கூட்டத்தில் இருந்த எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூலி கொடுக்காமல், யாரிடமும் கை நீட்டாமல், ஊரே ஊரின் பிள்ளையை வளர்க்கும் என்ற எண்ணம் எழுதுகிறவனை எளிதில் மயக்கிவிடும்.

மூன்றாவது அமாவாசையோடு அது முடிந்துபோயிற்று. முறை வரும் நாளில் ஒருத்திக்கு ஒரு நாள் பாசி போகிறது. மூன்று பிள்ளை உள்ளவளும் ஒரு பிள்ளை உள்ளவளும் ஒரே முறைதானா என்ற கேள்வி வந்தது. கடல் நன்றாக வற்றும் நல்ல வத்த நாளில் முறை விழுந்தவள் மாற்றிக் கேட்டாள், யாரும் மாற்றவில்லை. கடைசியில் எல்லாரையும்விட ஏழையான, கணவனை இழந்த ஒரு பெண் பிறருக்காகத் தொடர்ந்து முறை எடுக்க வேண்டியதாயிற்று. இல்லை என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. ஒரு நாள் அவளும் வரவில்லை. சமூகப் பங்களிப்பு என்று அறிக்கைகளில் எழுதுகிறோமே, அதன் சுமை எப்போதும் ஊரில் ஆகக் குறைந்த குரல் உடையவளின் தலையில் போய் உட்கார்ந்துகொள்வதை அந்த மூன்று மாதம் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

பிள்ளைப் பங்கு

மாற்றம் வந்தது ஒரு கிழவரின் பேச்சிலிருந்து. ஊர்க்கூட்டத்தில் இந்தத் தோல்வி பேச்சுக்கு வந்தபோது, ஊர்க் கமிட்டியில் இருந்த அவர் எரிச்சலோடுதான் சொன்னார்: வத்தைக்குப் பங்கு எடுக்கிறோம், வலைக்குப் பங்கு எடுக்கிறோம், எஞ்சினுக்கும் எடுக்கிறோம், பிள்ளை பார்க்கிறவளுக்கு மட்டும் ஏன் பங்கு இல்லை? கடற்கரையில் பிடித்த மீனின் பணம் ஆட்களுக்கு மட்டும் பிரிவதில்லை. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று பிரித்த பிறகே ஆட்பங்கு. படகு இல்லாமல் தொழில் இல்லை என்பதால் அது நியாயமாகத் தோன்றுகிறது. பிள்ளையைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாமலும் தொழில் இல்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் ஊருக்கு அதன் சொந்தக் கணக்கிலேயே சொல்லிவிட்டது.

‘பிள்ளைப் பங்கு’ என்ற பெயர் அன்றே நிலைத்தது. பாசி காய்ந்து எடைக்கு வரும்போது, காப்பிடத்தில் பிள்ளையை விட்ட ஒவ்வொரு தாயும் தன் சாக்கிலிருந்து ஒரு பங்கைத் தனிச்சாக்கில் போடுகிறாள். மீன் விற்கும் பெண்கள் வாரக் கடைசியில் பணமாகக் கொடுக்கிறார்கள். தனிச்சாக்கு விற்ற பணம் கூட்டமைப்பின் கணக்கில் வந்து, அங்கிருந்து பிள்ளை பார்க்கும் இரு பெண்களுக்குக் கூலியாகப் போகிறது. கடல் ஏமாற்றும் மாதத்தில் சாக்கு இளைத்துவிடும் என்பதால், திருவிழாவுக்கும் வழக்குச் செலவுக்கும் என ஊர்ப் பொதுவில் எடுக்கும் வரியிலிருந்து அந்த மாதத்துக் குறையை நிரப்புவது என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது. கமிட்டியில் பெண்கள் இல்லை. அந்தத் தாளில் கையெழுத்து வாங்க மூன்று கூட்டம் பிடித்தது. அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்ந்ததைவிட இது மெதுவாகவே நகர்ந்தது.

மற்றவர்கள் தந்தவை சிறியவை, ஆனால் அவை இல்லாமல் முடிந்திருக்காது. ஊராட்சி, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த டி.வி. ரூமைத் திறந்து மின்விளக்கும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்தது. தண்ணீருக்கும் ஊராட்சிதான் பொறுப்பு. குடம் கணக்கில் காசு கொடுத்துக் குடிநீர் வாங்கும் இந்தப் பகுதியில் அது லேசான சுமை அல்ல. கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி நாளன்று இங்கேயும் ஒரு நடை வந்துபோனார். ஆண்கள் பழைய வலையைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கேயும் முற்றத்தைச் சுற்றியும் இடுப்புயரத்துக்குக் கட்டினார்கள். தவழும் பிள்ளை அதைப் பிடித்து எழுந்து நிற்கிறது, தாண்ட முடிவதில்லை. காற்றும் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய எந்தத் தடுப்பும் இவ்வளவு பொருந்தியிருக்காது.

அங்கன்வாடியோடு செய்த ஏற்பாடுதான் எனக்கு இதில் ஆக முக்கியமானதாகப் படுகிறது. சத்துமாவுப் பொட்டலம் தாய்க்கு உரியது. அதைக் காப்பிடத்துக்கு நேராகக் கொடுத்தால் வீட்டுக்குக் கொடுத்ததாக உள்ள கணக்கு தவறிவிடும், தணிக்கையில் மாட்டிக்கொள்வேன் என்று பணியாளர் அஞ்சினார். அவர் அஞ்சியதில் தவறில்லை. மேற்பார்வையாளர் வந்திருந்த நாளில் பேசி ஒரு வழி கண்டார்கள்: தாய் வழக்கம்போல் மையத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வாள், வாங்கிய பொட்டலத்தின் மேல் பிள்ளையின் பெயரை எழுதி அவளே காப்பிடத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாவு காய்ச்சப்படும் இடம் மாறியது, குடிக்கிற வாயும் மாறியது. ஆட்டுக்குட்டிக்குப் போன மாவு பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

அறைக்குள்

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் போயிருந்தேன். உத்திரத்தில் மூன்று தூளிகள் தொங்கின. மூன்றிலும் அந்தந்தத் தாயின் சேலை. பிள்ளைக்குத் தாயின் வாசம் இருந்தால் அழுகை குறையும் என்று பிள்ளை பார்க்கும் மூத்தவள் வைத்த விதி அது. ஊரே அவளை அப்பத்தா என்கிறது. பால்வாடி டீச்சரும் அப்படித்தான் அழைக்கிறார். தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் கேட்பது மூன்று: ராத்திரி தூங்கினானா, வெளிக்கு எப்படிப் போனான், கடைசியாகப் பால் குடித்தது எப்போது. பதிலை இரண்டாமவள் நோட்டில் எழுதுகிறாள். இந்த இரண்டாமவள் அடுத்த தெருவிலிருந்து வருகிற முஸ்லிம் பெண். ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தவர், பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் லாத்தா, அதாவது அக்கா. இவர் வந்த பிறகே அவருடைய தெருவிலிருந்தும் நான்கு பிள்ளைகள் வரத் தொடங்கின. அதற்கு முன் எத்தனை முறை போய் அழைத்தும் ஒருவரும் அனுப்பவில்லை.

மீன் பற்றி ஒரு சண்டை நடந்தது. வீட்டில் தினமும் மீன் குழம்பு கொதிக்கும் இந்த ஊரில் ஒரு வயதுப் பிள்ளைக்கு மீன் கொடுப்பதில்லை. மாந்தம் வரும் என்பார்கள். பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கத் தெரிந்த ஊர் இது என்பதையும் மறந்துவிடக் கூடாது. செவிலியர் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்பத்தா தன் பேரனுக்கு நெத்திலியை வேகவைத்து, முள்ளெடுத்து, குழைந்த சோற்றில் மசித்து எல்லார் கண்முன்னும் ஊட்டிவந்தாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு மற்ற தாய்மார்கள் தாங்களாகவே, “மதினி, எம்மகனுக்கும் ஒரு வாய் குடுத்துப் பாருங்க” என்று சொல்லத் தொடங்கினார்கள். இரும்புச்சத்தும் புரதமும் பற்றிய சுவரொட்டி ஒன்று அதே சுவரில்தான் ஒட்டப்பட்டிருந்தது.

தரம் என்று பேசும்போது சிலேட்டையும் அகரவரிசையையும் தேடுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இந்த வயதுக்கு வேண்டியது, பேசுகிற ஆளும், திரும்பப் பேசக் காத்திருக்கிற பொறுமையும். குளிப்பாட்டும்போது கை இது, கால் இது, இந்தா தண்ணி என்று அப்பத்தா ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். குழந்தை ஏதாவது ஒலி எழுப்பினால் நிறுத்தி, அதே ஒலியைத் திருப்பிச் சொல்லி, அது சிரித்த பிறகே சொம்பை எடுக்கிறாள். அரசின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் இரண்டு வயதுக்கு மேல் என்ன செய்யச் சொல்கிறதோ, அதற்கான நிலத்தை அவள் உழுதுகொண்டிருந்தாள். இவளைத் தேர்ந்தெடுத்ததில் 1980ஆம் ஆண்டுத் திட்டத்தின் ஒரு பழைய அறிவும் இருந்தது: வறுமையிலும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்த உள்ளூர்ப் பெண்ணையே ஊட்டச்சத்துப் பணிக்கு எடு என்பது. படிப்பு லாத்தாவிடம் இருந்தது, பிள்ளை வளர்த்த கை அப்பத்தாவிடம் இருந்தது. இரண்டும் ஒருவரிடமே வேண்டும் என்று அடம்பிடிக்காதது நல்லதாயிற்று.

லாத்தாவின் நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பதினொரு மாதப் பெண்குழந்தை ஒன்று வந்த முதல் வாரத்தில் ‘சாப்பிடவில்லை’, ‘அழுகை’, ‘சாப்பிடவில்லை’ என்றே வரிகள் போகின்றன. கையின் நடுச்சுற்றளவை அளக்கும் வண்ண நாடாவை அங்கன்வாடிப் பணியாளர் கொண்டுவந்து சுற்றியபோது 11.5 சென்டிமீட்டர் என்ற அபாயக் கோட்டுக்குச் சற்றே மேலே, மஞ்சளில் நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அதன் பிறகு நாளுக்கு நான்கு முறை, சிறு கிண்ணத்தில், சத்துமாவுக் கூழும் மசித்த சோறும். மூன்று மாதத்துக்குப் பிந்தைய வரி இது: ‘கிண்ணத்தைப் பிடுங்கினாள். கேட்டு வாங்கினாள்.’

பள்ளி ஆசிரியையின் பதிவேட்டிலும் அந்தக் கொத்துகள் மெலிந்தன. முழுவதும் மறையவில்லை, காய்ச்சல் கண்ட பிள்ளையைக் காப்பிடத்தில் சேர்ப்பதில்லை என்ற விதி இருப்பதால் அந்த நாட்களில் அக்காதான் வீட்டில் நிற்கிறாள். இந்த விதி சரியானதே என்றாலும் தாய்மார்கள் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. மருந்து கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும், பத்து மணிக்கு உடம்பு கொதிப்பதும், அப்பத்தா திட்டுவதும் வாரம் ஒரு முறையாவது நடக்கிறது.

தீராத கணக்கு

பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கக் கேட்டு வருகிறார்கள். மத்திய அரசின் காப்பக விதிகள் மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்கின்றன. அப்பத்தாவோ ஒரு கைக்கு ஐந்துக்கு மேல் முடியாது என்று மறுக்கிறாள். அவள் சொல்வதே சரி என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளை அழுதால் மூன்றாவது பிள்ளை வலைத்தடுப்பின் பக்கம் போகும் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து எண் போடுகிறவருக்குத் தெரிய வழியில்லை. இன்னொரு அறை, இன்னும் இரண்டு பெண்கள், இன்னொரு பிள்ளைப் பங்கு என்றுதான் இது பெருக முடியும். இந்த அறையைக் கொழுக்கவைத்துப் பெருக்க முடியாது.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை நீள்கிறது. மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும் விசைப்படகு ஓடாது. ஆண்களின் கூலி நிற்கிறது, ஊர் வரி நிற்கிறது, பாசி வளர்வதற்காகப் பெண்களும் அந்தப் பருவத்தில் எடுப்பதை நிறுத்திவைக்கிறார்கள். தனிச்சாக்கு காலியாகவே கிடக்கும். ஆனால் தாய்மார்கள் அப்போதும் வீட்டில் இருப்பதில்லை. உப்பளத்துக்கோ, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்கோ போகிறார்கள். வெயில் ஆகக் கடுமையான, பிள்ளைக்குப் பார்வை ஆக அதிகமாக வேண்டிய அந்த இரண்டு மாதத்தில்தான் பார்க்கிறவளுக்குக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. சென்ற தடைக்காலத்தில் கூட்டமைப்பு தன் சேமிப்பிலிருந்து பாதிக் கூலி கொடுத்தது. அதைக் கடன் என்று எழுதியதா, செலவு என்று எழுதியதா என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் குடும்ப அட்டைக்கு வருகிறது. அதில் பிள்ளைப் பங்கு எடுக்கலாமே என்று லாத்தா ஒருமுறை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டியவற்றை எழுதிய தாள் டி.வி. ரூம் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் வரி, கோயில் கொடைக்குப் பந்தல். இரண்டாவது, துறையில் விளக்கு. மூன்றாவது வரியை லாத்தா தன் கையெழுத்திலேயே சேர்த்திருக்கிறார்: ‘61 நாள் கூலி, யார் பொறுப்பு?’